உயிருக்கு ஈடாகக் கேட்ட வேலை

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவர் திரும்ப வேலைக்குப் போகிறாரா இல்லையா என்பதை அவருடைய உடல்வலுவும் மனத்திடமும் சார்ந்த விஷயமாகவே பேசிப் பழகிவிட்டோம். போனால் தைரியசாலி என்கிறோம். போகாவிட்டால் பயந்துவிட்டார் என்றோ, உட்கார்ந்து சாப்பிடப் பழகிவிட்டார் என்றோ சொல்லிவிடுகிறோம். இந்தத் தீர்ப்பு எவ்வளவு அவசரமானது என்பதைப் புரிந்துகொள்ள, இந்தச் சிகிச்சை முதலில் வேரூன்றிய அமெரிக்காவின் வரலாற்றைப் பார்த்தால் போதும். மருத்துவம், சட்டம், காப்பீடு மூன்றுமே அங்கே எழுத்தில் பதிவாகியிருப்பதால் யார் எப்போது என்ன முடிவெடுத்தார்கள், அதனால் என்ன விளைந்தது என்பதைத் தொடர்ந்து பார்க்க முடிகிறது. சிறுநீரகம் செயலிழந்தவரிடம் அந்த நாடு வேலையை முதலில் உயிர்பிழைப்பதற்கான தகுதியாகக் கேட்டது. பிறகு அரசின் பணத்துக்குப் பதிலாகத் தரவேண்டிய வாக்குறுதியாகக் கேட்டது. அதன் பின், அவர் வேலைக்குத் திரும்பும் அளவுக்குத் தேறியதையே காரணமாக்கி மருந்துக்கான உதவியை நிறுத்தியது. இந்த மூன்று கட்டங்களிலும் பாரம் நோயாளியின் தோளில்தான் ஏற்றப்பட்டது. அது உண்மையில் சட்டத்தின் மீதும், காப்பீட்டின் மீதும், சிகிச்சை மையங்களின் நேர அட்டவணை மீதும், வேலை தருபவர் மீதும் இருக்க வேண்டியது என்பதே என் வாதம்.

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் ஜோசப் மரே தலைமையிலான குழு, ரொனால்ட் ஹெரிக்கின் ஒரு சிறுநீரகத்தை எடுத்து அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குப் பொருத்தியது. நீடித்து நின்ற முதல் சிறுநீரக மாற்று அதுதான். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் என்பதால் ரிச்சர்டின் உடல் அந்த உறுப்பை அந்நியமாகக் கருதித் தாக்கவில்லை. அவர் மேலும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். தன்னைக் கவனித்துக்கொண்ட செவிலியரைத் திருமணம் செய்துகொண்டு தகப்பனாகவும் ஆனார். தானம் கொடுத்த ரொனால்ட் கணித ஆசிரியராகவும் விவசாயியாகவும் பணியாற்றி 2010-ல், 79 வயதில் மறைந்தார். அந்தக் கட்டத்தில் வேலை என்ற கேள்வியை யாரும் பெரிதாக எழுப்பவில்லை, அதற்கான தேவையும் வரவில்லை. செத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர் பிழைத்தார் என்பதே போதுமான செய்தியாக இருந்தது. ஒத்த இரட்டைப் பிறவி உள்ளவர்கள் மிகச் சிலரே என்பதால் இந்தச் சிகிச்சையை யாருக்குக் கொடுப்பது, யாரைக் கைவிடுவது என்ற தேர்வுக்கு அன்று இடமில்லை. தேர்வு வந்தபோதுதான் வேலையும் கூடவே வந்தது. அது அறுவை அரங்கின் வழியாக வரவில்லை, டயாலிசிஸ் இயந்திரத்தின் வழியாக வந்தது.

1960-ல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் டெஃப்லான் குழாயால் ஓர் இணைப்பைச் செய்தார். அதைக் கையின் ரத்தக் குழாய்களில் நிரந்தரமாகப் பொருத்திவிட்டால், ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக் குழாயைத் திறக்காமலே நோயாளியை இயந்திரத்தோடு இணைக்கலாம். அதுவரை தற்காலிகச் செயலிழப்பைத் தாண்டவைக்க மட்டுமே பயன்பட்ட டயாலிசிஸ், நிரந்தரமாகச் செயலிழந்தவர்களையும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் சிகிச்சையாக மாறியது. முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் போயிங் விமான நிறுவனத்தின் இயந்திரத் தொழிலாளி. அவர் மேலும் பதினோரு ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால் இயந்திரங்களும் படுக்கைகளும் பணமும் சொற்பம், காத்திருந்தவர்களோ ஏராளம். 1962-ல் தொடங்கிய சியாட்டில் செயற்கைச் சிறுநீரக மையம், மருத்துவரீதியாகத் தகுதியானவர்களிலிருந்து யாரை எடுத்துக்கொள்வது என்று முடிவுசெய்யும் பொறுப்பைப் பெயர் வெளியிடப்படாத ஏழு பேரிடம் கொடுத்தது. ஒரு மதபோதகர், ஒரு வழக்கறிஞர், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். 45 வயதைக் கடந்தவர்களும் குழந்தைகளும் தொடக்கத்திலேயே விலக்கப்பட்டார்கள். மற்றவர்களைப் பற்றி அந்தக் குழு பார்த்தவற்றை ஷானா அலெக்சாண்டர் அதே ஆண்டு நவம்பரில் லைஃப் இதழில் எழுதினார். வயது, பாலினம், மணநிலை, நம்பி வாழ்பவர்களின் எண்ணிக்கை, வருமானம், சொத்து, மன உறுதி, கல்வி, தொழில், இதுவரை சாதித்தது, இனிச் சாதிக்கக் கூடியது ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. நிலையான வேலை ஒருவருடைய உயிருக்கு ஆதரவான சாட்சியாக அங்கே எண்ணப்பட்டது.

இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுவதுண்டு. படுக்கைகள் குறைவாக இருக்கும்போது யாராவது தேர்ந்தெடுக்கத்தானே வேண்டும்? குடும்பத்தைக் காப்பாற்றுபவருக்கு முன்னுரிமை தருவது அந்தக் குடும்பத்துக்கும் நன்மைதானே? அந்த ஏழு பேரும் கொடியவர்கள் அல்ல என்பதை நானும் ஏற்கிறேன். யாரும் தொட விரும்பாத ஒரு சுமையை அவர்கள் ஊதியமின்றி ஏற்றார்கள். ஆனாலும் அவர்கள் கையிலிருந்த அளவுகோல், அவர்கள் வாழ்ந்த நடுத்தர வர்க்கத்தின் ஒழுங்கையே மனித மதிப்பாக எடுத்துக்கொண்டது. 1968-ல் டேவிட் சாண்டர்ஸும் ஜெஸ்ஸி டியூக்மினியரும் ஒரு சட்ட ஆய்விதழில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். ஊரோடு ஒத்துப்போகாமல் தன் வழியில் வாழ்ந்த ஹென்றி டேவிட் தோரோ போன்ற ஒருவருக்கு அந்த நகரில் சிறுநீரகம் கெட்டிருந்தால் அவர் பிழைத்திருக்க மாட்டார் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். தினக்கூலிக்கு வேலை மாறிக்கொண்டே இருப்பவர், வீட்டில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் திருமணமாகாத பெண், நோயாலேயே வேலை இழந்தவர் ஆகிய எல்லோருமே இந்தத் தராசில் எடை குறைந்தவர்கள். கடைசியாகச் சொன்னவரின் நிலை மிகக் கொடியது: நோய் அவருடைய வேலையைப் பறித்தது, வேலையின்மை அவருடைய சிகிச்சையைப் பறித்தது. பற்றாக்குறை இயற்கையானதும் அல்ல. பத்தாண்டுகளுக்குப் பின் அரசு பணம் கொடுக்க முன்வந்ததும் டயாலிசிஸுக்கான அந்தப் பற்றாக்குறை கரைந்துபோனது. ஆகவே அந்த எழுவர் பங்கிட்டது இயந்திரங்களின் பற்றாக்குறையை என்பதைவிட, ஒரு சமூகம் எடுக்கத் தயங்கிய முடிவை என்பதே சரி.

அந்த முடிவு 1972-ல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 4 அன்று, விற்பனையாளராக இருந்தவரும் இரண்டு குழந்தைகளின் தந்தையுமான ஷெப் கிளேசர், அமெரிக்கக் கீழவைக் குழுவின் முன் இயந்திரத்தில் இணைக்கப்பட்ட நிலையிலேயே சாட்சியம் அளித்தார். 1972 செப்டம்பர் 30 அன்று இந்தியானா மாநில செனட்டர் வான்ஸ் ஹார்ட்கி, சமூகப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தோடு சிறுநீரக நோயாளிகளுக்கான ஒரு பிரிவைச் சேர்க்கும்படி முன்மொழிந்தார். ஏறத்தாழ அரை மணிநேர விவாதத்துக்குப் பின் 52-க்கு 3 என்ற வாக்கில் அது நிறைவேறியது. அக்டோபர் 30 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட, 1973 ஜூலை 1 முதல் டயாலிசிஸுக்கும் சிறுநீரக மாற்றுக்கும் அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் பணம் தரத் தொடங்கியது. வயது பாராமல் ஒரே ஒரு நோய்க்காக ஒரு நாடு இப்படிப் பொறுப்பேற்றது பெரிய காரியம். ஆயிரக்கணக்கான உயிர்கள் அதனால் பிழைத்தன. ஆனால் அந்தப் பொறுப்பை ஏற்கச் சொல்லப்பட்ட காரணத்தைக் கவனிக்க வேண்டும். டயாலிசிஸில் இருப்பவர்களில் 60 சதவீதம் பேர் மறுபயிற்சி பெற்றால் வேலைக்குத் திரும்பலாம், மீதமுள்ளோரில் பெரும்பாலோருக்கு மறுபயிற்சிகூடத் தேவைப்படாது என்று ஹார்ட்கி அவையில் சொன்னார். அதாவது இந்தச் செலவு வரி கட்டும் உழைப்பாளிகளாகத் திரும்பி வரும் என்பது வாக்குறுதி. சட்டத்தின் அமைப்பிலும் வேலை இருந்தது: நோயாளியோ அவருடைய கணவனோ மனைவியோ பெற்றோரோ போதிய காலம் உழைத்துச் சமூகப் பாதுகாப்பு வரி செலுத்தியிருந்தால்தான் இந்த உரிமை கிடைக்கும்.

அந்த வாதம் இல்லாமல் அந்தச் சட்டம் நிறைவேறியிருக்குமா என்று கேட்கலாம். ஒருவேளை நிறைவேறியிருக்காது. அரசியலில் ஒரு நல்ல காரியத்தைப் பணக்கணக்காகச் சொன்னால்தான் அது வாக்குகளைப் பெறும் என்பது எல்லா நாடுகளிலும் காணும் உண்மை. ஆனால் அப்படிச் சொல்லிப் பெற்ற நன்மைக்குப் பின்னால் ஒரு கடன் வருகிறது. வாக்குறுதி கொடுத்தவர் செனட்டர். அதை நிறைவேற்ற வேண்டியவராக ஆக்கப்பட்டவர் நோயாளி. இடையில் நோயாளிகளின் கூட்டமே மாறிவிட்டது. 1972-ல் டயாலிசிஸில் இருந்த சுமார் பத்தாயிரம் பேர் சலித்தெடுக்கப்பட்டவர்கள், பெரும்பாலும் இளையவர்கள், வேறு பெரிய நோய் இல்லாதவர்கள். கதவு எல்லோருக்கும் திறந்தபோது முதியவர்களும் நீரிழிவால் சிறுநீரகம் இழந்தவர்களும் வந்தார்கள்; அவர்களுக்காகத்தான் கதவு திறக்கப்பட்டது. இன்று அமெரிக்காவில் சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நீரிழிவே காரணம். 1981-ல் குட்மன், ஸ்டெட், ராபின்சன் ஆகியோர் 2,481 டயாலிசிஸ் நோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட முடிவில், நீரிழிவு இல்லாதவர்களில் 60 சதவீதம் பேரும் நீரிழிவு உள்ளவர்களில் 23 சதவீதம் பேரும்தான் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்வதற்கு மேற்பட்ட உடலுழைப்புக்கு இயன்றவர்களாக இருந்தார்கள். இந்த எண்களைத் திட்டத்தின் தோல்வியாகப் படித்தவர்கள் உண்டு. திட்டம் வேலைவாய்ப்புக்கானது என்று நினைத்தால் மட்டுமே அது தோல்வி. உயிர்காக்கும் திட்டம் என்று நினைத்தால், மிக நலிந்தவர்களையும் அது எட்டியதற்கான சான்று.

உடல்நிலை மட்டுமே காரணம் என்று சொல்லி இதை முடித்துவிடவும் கூடாது. சியாட்டிலில் தொடக்க ஆண்டுகளில் நோயாளிகள் இரவில் டயாலிசிஸ் செய்துகொண்டார்கள். தூங்கும் நேரத்தில் ரத்தம் சுத்தமாகும், பகலில் வேலைக்குப் போகலாம் என்பதே நோக்கம். 1964 முதல் வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் பரவியது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க டயாலிசிஸ் நோயாளிகளில் சுமார் 40 சதவீதம் பேர் வீட்டில் செய்துகொண்டார்கள். மெடிக்கேர் பணம் தரத் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே அந்த விகிதம் பெருமளவு சரிந்தது. சட்டம் மையங்களில் நடந்த சிகிச்சைக்கு எளிதாகவும் முழுமையாகவும் பணம் கொடுத்தது. வீட்டில் செய்பவர்களின் செலவுகள் பலவற்றுக்குச் சரியான ஏற்பாடு இல்லை. லாபநோக்கு மையங்கள் பெருகின. வாரத்துக்கு மூன்று நாள், பகல் வேளையில், போய்வரும் நேரத்தையும் சேர்த்தால் அரைநாளுக்குக் குறையாத சிகிச்சை என்பது வழக்கமானது. வாரத்தில் மூன்று பகல்களைக் கேட்கும் தொழிலாளியை எந்தத் தொழிற்சாலை வைத்துக்கொள்ளும்? இங்கேதான் மாற்று அறுவைக்குப் பிந்தைய வேலையின் விதி எழுதப்படுகிறது. அறுவைக்கு முன் வேலையில் இருந்தவரே அறுவைக்குப் பின்னும் வேலையில் இருக்க அதிக வாய்ப்பு என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. சிறுநீரகத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும்போது வேலை போய்விட்டால், புதிய சிறுநீரகம் உடலை மீட்டுத் தரலாம். இழந்த பணிமூப்பையும் தொழில் தொடர்பையும் கைப்பழக்கத்தையும் அதனால் மீட்டுத் தர முடியாது. நாம் அறுவைக்குப் பிந்தைய சோம்பல் என்று எண்ணுவது பல நேரங்களில் அறுவைக்கு முன்பே நடந்து முடிந்த இழப்பு.

மருத்துவம் தன் பங்கைச் செய்யாமல் இல்லை. 1960களில் அசதையோபிரினும் ஸ்டெராய்டும் சேர்ந்து இரட்டையர் அல்லாதவர்களுக்கும் மாற்று அறுவையைச் சாத்தியமாக்கின. ஆனால் இறந்தவர்களிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் பாதியளவே ஓராண்டைத் தாண்டின. அதிக அளவு ஸ்டெராய்டால் முகம் வீங்கியது, எலும்பு நலிந்தது, கண்புரை வந்தது, தொற்றுகள் உயிரைப் பறித்தன. அந்த நிலையில் வேலைக்குத் திரும்பச் சொல்வதே கடினம். 1983-ல் சைக்ளோஸ்போரினுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்த பிறகு ஓராண்டு தாண்டும் உறுப்புகளின் விகிதம் 80 சதவீதத்தைக் கடந்தது. 1985-ல் ராஜர் எவன்ஸும் அவருடைய குழுவினரும் 859 நோயாளிகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, மாற்று அறுவை பெற்றவர்களில் ஏறத்தாழ 75 சதவீதம் பேர் வேலை செய்ய இயன்றவர்கள் என்று கண்டது. டயாலிசிஸில் இருந்தவர்களிடையே இந்த விகிதம் சிகிச்சை முறையைப் பொறுத்து 24.7 முதல் 59.3 சதவீதம் வரை இருந்தது. ஆனால் இயன்றவர்களின் எண்ணிக்கைக்கும் உண்மையில் வேலையில் இருந்தவர்களின் எண்ணிக்கைக்கும் நடுவே எப்போதும் ஓர் இடைவெளி இருந்துவந்தது. சிறுநீரகம் நன்றாக இயங்குகிறது, ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது, ஆள் நடமாடுகிறார், ஆனாலும் வேலை இல்லை. நோய் விளக்காத அந்த இடைவெளியைச் சட்டம் விளக்குகிறது.

1972-ன் சட்டம் மாற்று அறுவை பெற்றவருக்கு ஓராண்டு மட்டுமே மெடிக்கேர் உதவி தந்தது. 1978-ல் அது 36 மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. அதன் பின், 65 வயதாகாதவரும் வேறு காரணத்தால் ஊனமுற்றவர் என்று ஏற்கப்படாதவரும் குணமடைந்தவராகக் கருதப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர் முழுக்கக் குணமடைவதில்லை என்பது மருத்துவ மாணவருக்கும் தெரியும். உடல் அந்த உறுப்பைத் தாக்காமலிருக்க, எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை அது இயங்கும் காலம் முழுவதும் ஒவ்வொரு நாளும் விழுங்க வேண்டும். அவற்றின் விலை ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர். 1986-ல் இந்த மாத்திரைகளுக்கு ஓராண்டு உதவி தரச் சட்டம் வந்தது. 1990களில் அது படிப்படியாக 36 மாதங்களாகியது. 2000-ல் காலவரம்பு நீக்கப்பட்டது. ஆனால் வயதாலோ ஊனத்தாலோ மெடிக்கேரில் தொடர்பவர்களுக்கு மட்டும். அதாவது வேலை செய்ய இயலாதவருக்கு மாத்திரை ஆயுள் முழுவதும் உண்டு. வேலை செய்யும் அளவுக்குத் தேறிய இளைஞருக்கு மூன்றாண்டுகளோடு நின்றுவிட்டது. மாத்திரை வாங்க முடியாமல் சிறுநீரகம் பழுதாகி அவர் டயாலிசிஸுக்குத் திரும்பினால், மாத்திரையைவிடப் பல மடங்கு செலவாகும் அந்தச் சிகிச்சைக்கு மெடிக்கேர் மீண்டும் பணம் கொடுக்கும், அதுவும் காலவரம்பின்றி. உழைப்பாளியாகத் திரும்பி வருவார் என்று சொல்லிப் பெற்ற சட்டம், திரும்பி வந்தவரைத்தான் தண்டித்தது.

ஊனமுற்றோர் உதவித்தொகையே சுகம் என்று இருந்துவிட்டவர்களும் உண்டே என்பது இதற்கு எதிராக எழும் பேச்சு. அமெரிக்கச் சமூகப் பாதுகாப்பு விதிப்படி, மாற்று அறுவை பெற்றவர் ஓராண்டு வரை ஊனமுற்றவராகவே கருதப்படுவார்; அதற்குப் பின் எஞ்சிய பாதிப்பைப் பொறுத்து மறுஆய்வு நடக்கும். அந்த மறுஆய்வை எதிர்நோக்கும் ஒருவரின் இடத்தில் நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். காப்பீடு தரும் நிலையான வேலை கிடைத்தால் சரி. கிடைக்கும் வேலை சிறிய கடையிலோ பகுதிநேரமாகவோ இருந்தால், சம்பளம் வரும், காப்பீடு வராது. 2014-ல் புதிய சுகாதாரச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை, ஏற்கெனவே உள்ள நோயைக் காட்டித் தனிநபர் காப்பீட்டை மறுக்க நிறுவனங்களுக்கு இடமிருந்தது. அப்படியானால் வேலையை ஏற்பது என்பது சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது. தன் சகோதரியோ முன்பின் அறியாத ஒருவரின் குடும்பமோ கொடுத்த உறுப்பைக் காப்பதற்காக அவர் வேலையை மறுத்தால், அதைச் சோம்பல் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? அவர் எடுத்தது பொறுப்பான முடிவு. பொறுப்பற்றதாக இருந்தது அவர் முன் வைக்கப்பட்ட தேர்வு.

வேலை தருபவர் தரப்பிலும் சில கவலைகள் உண்டு, அவற்றை ஒதுக்கிவிட முடியாது. எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்குத் தொற்று எளிதில் வரும். அடிக்கடி மருத்துவரைப் பார்க்க வேண்டும். புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் முன்பகுதியில் பொருத்தப்படுவதால் அங்கே அடிபடாமல் காக்க வேண்டும். அறுவை முடிந்து முதல் சில வாரங்கள் பளு தூக்கக் கூடாது. வெயிலில் நெடுநேரம் நிற்பவருக்குத் தோல் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. மண்ணிலும் கழிவிலும் கால்நடைகளோடும் வேலை செய்பவருக்குத் தொற்று அபாயம் கூடுகிறது. ஆனால் இந்தச் சிரமங்களில் பெரும்பகுதி முதல் ஆண்டுக்குரியது. மாதங்கள் செல்லச் செல்ல மருந்தின் அளவும் மருத்துவமனை வருகைகளும் குறைகின்றன. அந்த ஓராண்டைத் தாண்ட உதவுவதுதான் சட்டத்தின் வேலை. 1990-ல் வந்த அமெரிக்க ஊனமுற்றோர் சட்டம் பணியிடத்தில் நியாயமான மாற்றங்களைக் கேட்கும் உரிமையைத் தந்தது. 2008-ல் அதைத் திருத்தியபோது எதிர்ப்பாற்றல் மண்டலத்தின் இயக்கமும் பாதுகாக்கப்பட்ட உடலியக்கங்களில் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. 1993-ன் விடுப்புச் சட்டம் ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 12 வாரம் ஊதியமில்லா விடுப்பை உறுதி செய்தது. இந்தச் சட்டங்களின் பலனை மேசைமுன் வேலை செய்பவர்கள் முதலில் பெற்றார்கள். வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், வீட்டிலிருந்து செய்யலாம். கட்டடத் தொழிலாளிக்கும் சுமை தூக்குபவருக்கும் மாற்றிக்கொள்ள என்ன இருக்கிறது? அவருக்குத் தேவை வேறு வேலைக்கான பயிற்சி. 1972-ல் செனட்டில் பேசப்பட்ட அந்த மறுபயிற்சி, பணம் ஒதுக்கப்பட்ட பெருந்திட்டமாக ஒருபோதும் வளரவில்லை.

உறுப்பைக் கொடுத்தவரின் வேலையும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. ஆரோக்கியமாக இருந்து, பிறருக்காக அறுவைக்கு உட்பட்டு, சில வாரங்கள் சம்பளம் இழப்பவர் அவர். 1999-ல் அமெரிக்க மத்திய அரசு தன் ஊழியர்களுக்கு உறுப்பு தானத்துக்காக 30 நாள் ஊதியத்தோடு கூடிய விடுப்பை அளித்தது. 2018-ல்தான் 1993-ன் விடுப்புச் சட்டம் உறுப்பு தானம் செய்பவருக்கும் பொருந்தும் என்று தொழிலாளர் துறை தெளிவுபடுத்தியது. தானம் கொடுப்பவரின் இழந்த சம்பளத்தை ஈடுகட்ட மத்திய நிதியைப் பயன்படுத்த 2020-ல் விதி வந்தது. பெறுபவரின் மாத்திரை விஷயத்திலும் அதே ஆண்டின் கடைசியில் ஒரு திருப்பம் நேர்ந்தது. 36 மாத வரம்பை நீக்கும் சட்டம் நிறைவேறி, 2023 ஜனவரி 1 முதல், வேறு காப்பீடு இல்லாதவர்கள் மாதக் கட்டணம் (2023-ல் 97.10 டாலர்) கட்டி மாத்திரைகளுக்கான உதவியைத் தொடர முடிந்தது. அது அரசின் செலவைக் குறைக்கும் என்று கணக்குப் பார்த்துக் காட்டிய பிறகே நிறைவேறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் இரட்டையர் அறுவைக்கு 68 ஆண்டுகளுக்குப் பிறகு, உறுப்பைக் கொடுத்துவிட்டு மருந்தைப் பறிக்கக் கூடாது என்ற எளிய உண்மை நடைமுறைக்கு வந்தது.

இந்த வரலாறு நமக்குத் தொலைவானது அல்ல. கிளேசர் சாட்சியம் அளித்த அதே 1971-ல்தான் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. 2008 முதல் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் திட்டத்தில் தமிழ்நாடு இந்தியாவுக்கே முன்னோடியாக நிற்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்கும் மாற்று அறுவையைச் சாத்தியமாக்கியிருக்கிறது. வேலையைக் காக்கும் ஏற்பாடு என்று பார்த்தால் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டமான ஈஎஸ்ஐ ஒன்று உண்டு. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு அதன் நீட்டித்த நோய்க்கால உதவிப் பட்டியலில் இருப்பதால், தகுதியுள்ள தொழிலாளி இரண்டாண்டு வரை சம்பளத்தில் 80 சதவீதம் பெறலாம். அமெரிக்காவின் ஊதியமில்லாத 12 வாரத்தைவிட இது கருணையானது. ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் பெறும், பதிவுபெற்ற நிறுவனத்தின் தொழிலாளிக்கே அது கிடைக்கும். விவசாயக் கூலிக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் சொந்த ஆட்டோ ஓட்டுபவருக்கும் அந்த வாசல் இல்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வகுத்த 21 குறைபாடுகளின் பட்டியலிலும் நாள்பட்ட சிறுநீரக நோய் இல்லை. பணிக்காலத்தில் குறைபாடு அடைந்த அரசு ஊழியரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் தரும் பாதுகாப்பை, சிறுநீரகம் இழந்தவர் அந்த நோயின் பெயரால் மட்டும் கோர முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகு, வேலையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிடலாமா என்று ஒருவர் கேட்கக்கூடும். உயிரை உயிருக்காகவே காக்க வேண்டும், சம்பளக் கணக்கு எதற்கு? இந்தக் கேள்வியின் நேர்மையை மதிக்கிறேன், ஆனால் அதன் முடிவை ஏற்கவில்லை. நோயாளிகள் வேலையை விரும்புகிறார்கள். வருமானம் மட்டுமல்ல, காலையில் எழுந்து போக ஓர் இடமும், சக மனிதர்களின் மரியாதையும், நோயாளி என்ற ஒற்றை அடையாளத்திலிருந்து விடுதலையும் வேலையில் கிடைக்கின்றன. எனவே வேலையைக் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும், கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்பது மட்டும் மாற வேண்டும். மாற்று அறுவைத் திட்டங்கள் ஓராண்டுக்குப் பின் எத்தனை உறுப்புகள் இயங்குகின்றன என்று கணக்குக் காட்டுகின்றன. அதே படிவத்தில், டயாலிசிஸ் தொடங்கியபோது வேலையில் இருந்தவர்களில் எத்தனை பேர் அதைத் தக்கவைத்துக்கொண்டார்கள், இழந்தவர்கள் எதனால் இழந்தார்கள் என்றும் பதியப்பட வேண்டும். வீட்டு வேலையையும் சொந்தத் தொழிலையும் கூலி வேலையையும் அந்தப் பதிவு வேலையாகவே எண்ண வேண்டும். அந்த எண் குறைந்தால் நோயாளியின் மனத்திடத்தைச் சந்தேகிக்காமல், மாலை வேளையிலும் டயாலிசிஸ் நடக்கிறதா, மாத்திரை தடையின்றிக் கிடைக்கிறதா, முதலாளி ஓராண்டு பொறுத்தாரா, உடலுழைப்புத் தொழிலாளிக்கு வேறு தொழில் கற்றுத்தரப்பட்டதா என்று தேட வேண்டும். சியாட்டிலின் எழுவர் தொடங்கி 36 மாத வரம்பு வரை, வேலை எப்போதும் நோயாளி அரசுக்குச் செலுத்த வேண்டிய ஈடாகவே எழுதப்பட்டது. அந்தக் கணக்கைத் திருப்பி எழுத வேண்டும். ஒருவரைப் பிழைக்கவைத்த சமூகம், அவர் உழைத்து வாழும் வழியையும் அமைத்துத் தரக் கடன்பட்டிருக்கிறது.